நடிகருக்குப் பரிசு வாங்கப் போகிறீர்களா? அந்த முகமூடி கீசெயினைக் கீழே வையுங்கள்

என் மேசை டிராயரில் மூன்று கீசெயின்கள் கிடக்கின்றன. மூன்றிலும் நாடகத்தின் அடையாளமான அதே இரண்டு முகமூடிகள், ஒன்று சிரிக்கிறது, ஒன்று அழுகிறது. மூன்று பேர் மூன்று வெவ்வேறு வருடங்களில் கொடுத்தது. கொடுத்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, பிரியமாகத்தான் கொடுத்தார்கள், ஆனால் வீட்டுச் சாவி இன்றுவரை வேறொரு வளையத்தில்தான் தொங்குகிறது. 'சிறந்த நடிகர்' என்று பொறித்த குட்டித் தங்கச் சிலைக்கும் இதே கதிதான். அதை அலமாரியில் வைத்தால் தற்பெருமை, உள்ளே வைத்தால் கொடுத்தவர் வீட்டுக்கு வரும்போது தேடி எடுக்க வேண்டும்.

நடிகர் என்றதும் எல்லாருக்கும் கைதட்டலும் வெளிச்சமும் ஞாபகத்துக்கு வருகின்றன, பரிசும் அந்தக் கணத்துக்கென்றே வாங்கப்படுகிறது. ஆனால் அந்த ஆளுடைய நாள் எப்படிப் போகிறது தெரியுமா? விடிவதற்கு முன்னால் போய் மேக்கப் போட்டுக்கொண்டு, உட்கார இடமில்லாமல் ஐந்து மணி நேரம் காத்திருந்து, மூன்று வரி பேசிவிட்டுத் திரும்புவது. அல்லது வீட்டில் ஒரு சுவரைக் காலி செய்து, போனை எதன் மேலோ சாய்த்து வைத்து, ஒரே வசனத்தைப் பதினேழு முறை பேசிப் பதிவு செய்து அனுப்பிவிட்டு, பதிலே வராமல் இருப்பது. நீங்கள் வாங்கப்போவது இந்த நாட்களுக்கு உதவுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் அவர் எங்கே நடிக்கிறார் என்று பாருங்கள். மேடையா, கேமரா முன்னாலா, டப்பிங்கா, இல்லை இப்போதுதான் ஆடிஷன்களுக்குப் போக ஆரம்பித்திருக்கிறாரா? மேடை நடிகருக்கு ரிங் லைட் (வீடியோ எடுக்க உதவும் வட்ட விளக்கு) தேவைப்படாமல் போகலாம், டப்பிங் பேசுகிறவருக்கு மடக்கு ஸ்டூல் எதற்கு? நேரடியாகக் கேட்கத் தயக்கம் என்றால் 'போன தடவை எதுக்கு ரொம்ப அவஸ்தைப்பட்டே?' என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டுக் காதைத் திறந்து வைத்திருங்கள். நடிகர்கள் தங்கள் அவஸ்தையைச் சொல்வதில் கஞ்சத்தனமே காட்ட மாட்டார்கள்.

கேமரா முன் நடிப்பவர் என்றால் செல்ஃப் டேப் சாமான்கள்தான் முதல் தேர்வு. இப்போதெல்லாம் ஆடிஷனின் முதல் சுற்று பெரும்பாலும் நடிகர் வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பும் வீடியோதான், அதைத்தான் செல்ஃப் டேப் என்கிறோம். இதற்கு எல்லாரும் வாங்கித் தருவது ரிங் லைட். மோசமில்லை, ஆனால் அவர் கண்ணாடி போடுகிறவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வட்டம் அப்படியே கண்ணாடியில் தெரியும். கண்ணாடி போடாதவருக்கும் நெருக்கமான ஃபிரேமில் கண்மணிக்குள் ஒரு வெள்ளை வளையம் விழும், அது பார்க்கிறவர் கவனத்தை இழுக்கும். ஸ்டாண்டோடு வரும் சின்ன எல்இடி பேனல், முன்னால் ஒளியைப் பரப்பும் வெள்ளைத் துணியோடு, ஒன்றோ இரண்டோ கிடைத்தால் அதுதான் நல்லது. பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்கிற அளவு) 95 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள், அது குறைவாக இருந்தால் தோல் நிறம் நோய் பிடித்த மாதிரி விழும். ஒளியின் நிறத்தை 3200 முதல் 5600 கெல்வின் வரை மாற்ற முடிந்தால், வீட்டு பல்பு வெளிச்சத்தோடும் ஜன்னல் வெளிச்சத்தோடும் ஒத்துப்போகும்.

ட்ரைபாடில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மேசை மேல் வைக்கிற ஒரு சாண் உயர ட்ரைபாடு அழகாக இருக்கும், ஆனால் லென்ஸ் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும், நடிகரோ நின்றுகொண்டு பேசுவார். அதனால் தரையில் நின்று குறைந்தது ஐந்தரை அடி உயரம் வரக்கூடியதை வாங்குங்கள். போனைக் குறுக்காகப் பிடிக்கும் கிளிப் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், செல்ஃப் டேப்பைப் பெரும்பாலும் குறுக்குவாட்டில்தான் கேட்பார்கள். இல்லாவிட்டால் எனக்கு நடந்த மாதிரி, ஐந்து தடித்த புத்தகங்கள், அதன் மேல் ஒரு குக்கர், அதன் மேல் போன், உணர்ச்சிகரமான இடத்தில் நான் காலைத் தட்டியதும் எல்லாம் சேர்ந்து கீழே.

காலர் மைக் நல்ல பரிசு. வாங்கும் முன், மைக்கைச் செருக வேண்டிய அவர் போனின் சார்ஜிங் துளை எது என்று கண்டிப்பாகப் பாருங்கள். ஐபோனிலேயே 2023-இல் வந்த 15-ஆம் வரிசையிலிருந்துதான் டைப்-சி, அதற்கு முந்தையவை லைட்னிங். பின்னணித் துணி என்றால் சுருக்கம் விழாத, பளபளக்காத சாம்பல் அல்லது மங்கிய நீலம். சுருட்டி வைக்கும் பாப்-அப் வகை வசதிதான், ஆனால் அதைத் திரும்ப மடிப்பது தனிக் கலை, முதல் தடவை மல்யுத்தமே நடக்கும். கொடுக்கும் முன் நீங்களே மடிக்கக் கற்றுக்கொண்டு போய்ச் செய்து காட்டினால் அதுவே பாதிப் பரிசு.

இதையெல்லாம் விட மதிப்பான ஒன்று இருக்கிறது, காசும் செலவில்லை. செல்ஃப் டேப்பில் எதிர்ப் பாத்திரத்தின் வரிகளைக் கேமராவுக்குப் பின்னால் இருந்து ஒருவர் படிக்க வேண்டும். அந்த ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. 'இந்த அட்டையைக் காட்டினால் பத்து தடவை வந்து படித்துத் தருகிறேன், ராத்திரி பதினொரு மணி என்றாலும் சரி' என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள், சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கண் கலங்குவார். படிக்கும்போது மட்டும் நீங்கள் நடிக்கக் கூடாது. லென்ஸுக்கு ஒட்டி நின்று, அவரை விடச் சின்னக் குரலில் (நீங்கள் மைக்குக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், மறக்காதீர்கள்), தெளிவாக, சரியான இடத்தில் நிறுத்திப் படித்தால் போதும். என் தம்பி காதல் வசனத்தைக்கூட பஸ் அட்டவணை மாதிரி வாசிப்பான், இருந்தும் எனக்குக் கிடைத்ததிலேயே அவன்தான் நல்ல ரீடர். நேரத்துக்கு வருவான், கருத்துச் சொல்ல மாட்டான்.

ஷூட்டிங்கில் காத்திருப்பவருக்கு அடுத்தது. எனக்கு ஒரு தோழி கொடுத்த மடக்கு ஸ்டூல் நான்கு வருடமாகக் கூடவே வருகிறது, கால் ஒன்று லேசாக ஆடுகிறது, இருந்தும் விடவில்லை. பவர் பேங்க் கொடுப்பதானால் 20,000 எம்ஏஎச் போதும். அது ஏறக்குறைய 74 வாட்-அவர், விமானத்தில் கைப்பையில் தாராளமாகக் கொண்டுபோகலாம், பொதுவான வரம்பு 100. அந்த வரம்பைத் தாண்டியதை வாங்கினால் வெளியூர் ஷூட்டிங்குக்குப் போகும்போது தகராறு வரலாம். கழுத்தில் மாட்டும் சின்ன ஃபேனும் நல்லதுதான், கனத்த உடையிலும் விக்கிலும் வேகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சாதாரணமாகத் தெரியும் சில பொருட்கள் இந்த வேலையில் தங்கம். ஸ்ட்ரா வைத்த மூடியுள்ள தண்ணீர் பாட்டில், உதட்டுச் சாயம் கலையாது, உடையில் சிந்தாது. முன்பக்கம் முழுக்கப் பட்டன் வைத்த பெரிய பழைய மாடல் சட்டை, காஸ்ட்யூம் மேல் போட்டுக்கொண்டு சாப்பிடலாம், கழற்றும்போது தலை வழியாக இழுத்து மேக்கப்பையும் முடியையும் கெடுக்க வேண்டாம். ஷாட்டுக்கு நடுவே மாட்டிக்கொள்ள மெத்தென்ற செருப்பு. பை வாங்கினால் ஜிப் வைத்தது வாங்குங்கள், வெல்க்ரோ வேண்டாம். அமைதியான காட்சியின் நடுவே யாரோ ஓரமாக 'பர்ர்ர்' என்று பை திறந்து மொத்த யூனிட்டும் திரும்பிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். (சரி, அந்த யாரோ நான்தான்.) மணிக்கு ஒரு தடவை பீப் அடிக்கும் கைக்கடிகாரமும் அப்படித்தான்.

ஒரு சின்னப் பையில் ஊக்கு, ஊசி நூல், துணியில் ஒட்டிய முடியை எடுக்கும் ரோலர், இருபக்கமும் ஒட்டும் டேப், பிளாஸ்டர், கூடுதல் பட்டன், ஹேர்பின் எல்லாம் போட்டு நீங்களே கட்டிக் கொடுக்கலாம். கடையில் தயாராகக் கிடைப்பதை விட அவருக்குத் தெரிந்த ஆள் யோசித்துப் போட்டது என்பதுதான் இதில் விஷயம்.

மேடை நடிகருக்கு ஒத்திகைக் காலம்தான் பெரிய செலவு, உடம்புக்கும் சேர்த்து. முழங்கால் பேட், வழுக்காத ஒத்திகை ஷூ (அளவு தெரிந்தால் மட்டும்), நாடகப் பிரதியை வைக்க உறுதியான கிளிப் பலகை. பேனா கொடுக்காதீர்கள், பென்சில் கொடுங்கள். மேடையில் எங்கே நிற்பது, எந்த வரியில் எழுவது, எங்கே நகர்வது என்பதையெல்லாம் பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொள்வார்கள், அடுத்த நாள் இயக்குநர் எல்லாவற்றையும் மாற்றுவார். நல்ல 2பி பென்சில் ஒரு டஜன், ஒரு பெரிய ரப்பர், வசனத்தைக் கோடிட ஹைலைட்டர் இரண்டு நிறத்தில், இவ்வளவுதான். அற்பமாகத் தெரியும், ஆனால் ஒத்திகை அறையில் எல்லாரும் எல்லாரிடமும் கடன் கேட்கும் பொருள் பென்சில்தான்.

குரல் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். தொண்டைக்கு நல்லது என்று எல்லாரும் மென்தால் மிட்டாய் டப்பாவை நீட்டுவார்கள். அது குளிர்ச்சியான உணர்வைத் தந்து எரிச்சலை மறைத்துவிடும், நடிகர் குரலை மேலும் மேலும் அழுத்துவார், அதனால் பல குரல் பயிற்சியாளர்கள் அதை வேண்டாம் என்பார்கள். குடிக்கிற தண்ணீர் உணவுக்குழாயில் போகிறது, குரல்நாண் இருப்பதோ மூச்சு போகும் வழியில், ஆகவே தண்ணீர் அதை நேரடியாகத் தொடுவதே இல்லை, உடம்பு முழுக்கச் சேர்ந்த பிறகுதான் பலன். ஆவிதான் நேராகப் போய்ச் சேரும். கையடக்க ஆவி பிடிக்கும் கருவி, அறைக்கு ஈரப்பதம் தரும் ஹ்யூமிடிஃபையர், சூடு தாங்கும் ஃபிளாஸ்க், இவை மூன்றும் டப்பிங் கலைஞருக்கும் மேடை நடிகருக்கும் நன்றாகப் பொருந்தும். டப்பிங் கலைஞருக்கு இன்னொன்று, பின்பக்கம் மூடிய ஹெட்போன். திறந்த வகையில் சத்தம் கசிந்து மைக்கில் ஏறிவிடும்.

சரி, வேண்டாதவை. வாசனைத் திரவியமும் வாசனை மெழுகுவர்த்தியும் சிலருக்குத் தொண்டையைக் கரகரக்க வைக்கும், தவிரவும் சின்ன மேக்கப் அறையில் ஆறு பேருக்கு நடுவே அது கூட்டுத் தண்டனை. முகத்துக்கான கிரீம், மேக்கப் எதையும் அவர் பயன்படுத்தும் பெயர் தெரியாமல் வாங்காதீர்கள். ஒவ்வாமை வந்து முகம் தடித்தால் அவர் அன்றைய வேலையே போச்சு. மோதிரம், காப்பு பிரியமானவைதான், ஆனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கழற்ற வேண்டும், தொலைந்துபோகும். உடை கொடுத்தால் ஒரே நிறத்தில் கொடுங்கள், ஆடிஷனுக்கும் ஆகும். பொடிப்பொடியான கோடும் கட்டமும் கேமராவில் அலையலையாக நெளியும், நெஞ்சில் பெரிய எழுத்து இருந்தால் பார்க்கிறவர் அதைத்தான் படிப்பார். நடிப்பு பற்றிய புத்தகம் கொடுக்க ஆசை என்றால் அவரிடம் ஏற்கெனவே இருக்கும், பெரும்பாலும் இரண்டு பிரதிகள். பதிலுக்கு அவர் விரும்பும் வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டுங்கள், உச்சரிப்பு, சண்டைப் பயிற்சி, குரல், நடனம் எதுவானாலும். எந்த ஆசிரியர் என்பதை அவரே முடிவு செய்யட்டும், இதில் ஆச்சரியப்படுத்த முயற்சி செய்யாதீர்கள். வாய்ப்புக் கேட்கக் கொடுக்கும் போர்ட்ஃபோலியோ படங்களும் அப்படித்தான், முகமும் முடியும் மாறும்போது திரும்ப எடுக்க வேண்டியிருக்கும், அது அவருக்கு எப்போதும் கடிக்கிற செலவு. அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டால் பெரிய உதவி.

குழந்தை நடிகருக்கு வாங்குகிறீர்களா? காத்திருக்கும் நேரத்துக்கு விளையாட்டு கொடுங்கள், ஆனால் ஸ்கெட்ச் பேனா, களிமண், மினுக்குத் தூள் கூடவே கூடாது, காஸ்ட்யூம் பார்த்துக்கொள்பவர் உங்களைச் சபிப்பார். காந்தப் பலகையில் ஆடும் விளையாட்டு, ஸ்டிக்கர் புத்தகம், புதிர்த் துண்டுகள் போதும்.

நாடகம் போடுகிறவர் உங்கள் நண்பர் என்றால், ஓசி டிக்கெட் கேட்காமல் காசு கொடுத்து வாங்கிப் போய் உட்காருங்கள். அதுவும் முதல் நாள் வேண்டாம், அன்றைக்கு எல்லாரும் வருவார்கள். நடுவாரத்தில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும் ஒரு நாளில் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பூங்கொத்து கொடுப்பதானால் ஆட்டம் முடிந்த பிறகு. முன்னால் கொடுத்தால் வைக்க ஜாடியும் இருக்காது, மகரந்தத்தில் யாராவது தும்மிக்கொண்டே மேடைக்குப் போக வேண்டியிருக்கும்.

நினைவுப் பொருள்தான் கொடுப்பேன் என்றால் அவருடைய வேலையிலிருந்தே எடுங்கள். அவர் நடித்த நாடகத்தின் போஸ்டரில் கூட நடித்தவர்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம். இதற்குக் கடைசி ஆட்டத்துக்கு முன்பே திட்டமிட வேண்டும், ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள், அப்புறம் பிடிக்க முடியாது. கிறுக்கல்கள் நிறைந்த ஒத்திகைப் பிரதி அவரிடம் இருந்தால் அதை வாங்கி நல்ல கெட்டி அட்டை போட்டு பைண்ட் செய்து கொடுங்கள்.

கூடவே வைக்கும் குறிப்பில் 'சூப்பர், கலக்கிட்டே' என்று எழுதாதீர்கள், அதை எல்லாரும் சொல்லியாகிவிட்டது. ஒரு குறிப்பான கணத்தை எழுதுங்கள், 'கடிதத்தைப் படிக்காமலே மடித்து வைத்தாயே, அங்கே' என்பது மாதிரி. மின்சாதனம் எதுவானாலும் பில்லை உள்ளேயே வைத்துவிடுங்கள், கடையில் மாற்றிக்கொள்ள அவருக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது.