'தம்பி'ன்னா இப்ப யாரு? அரசியல் வார்த்தைகள்ல நாம வழுக்கி விழுற இடங்கள்

ஆன்லைன்ல யாராவது 'அவன் ஒரு தம்பிப்பா'ன்னு எழுதினா, யாருக்குத் தம்பின்னு யாரும் கேக்கறதில்ல, நாம் தமிழர் ஆளுன்னு புரிஞ்சுக்கிட்டு போயிட்டே இருப்போம். ஆனா அண்ணா தன் கட்சிக்காரங்களுக்குத் 'தம்பிக்கு'ன்னு கடிதம் எழுதின காலத்துல அதே வார்த்தை வேற கூட்டத்தோடது. கருணாநிதி 'உடன்பிறப்பே'ன்னு கூப்பிட்டா அது பாசம், அதையே 'உ.பி.'ன்னு ரெண்டெழுத்தாச் சுருக்கினா கிண்டல். 2013ல அம்மா உணவகம் திறந்தப்ப எந்த அம்மான்னு ஒருத்தரும் சந்தேகம் கேக்கல. வீட்டுக்குள்ள புழங்குற வார்த்தைய எடுத்துக் கட்சிக்குள்ள வச்சுக்கிறது நம்ம ஊர் அரசியலுக்குக் கைவந்த கலை, அதுல தப்பும் இல்ல, தப்பு பண்றது பெரும்பாலும் கேக்கற நாமதான்.

முதல்ல இந்த அகராதி வியாதி. விவாதம் சூடானதும் ஒருத்தர் வந்து 'கழகம்னா உண்மையான அர்த்தம் என்ன தெரியுமா, சூதாடுற இடம், வள்ளுவரே சொல்லியிருக்கார்'னு ஆரம்பிப்பார். சொல்லியிருக்கார்தான், 'கவறும் கழகமும்'னு 935ஆவது குறள்ல வருது. ஆனா கம்பர்கிட்ட போனா கலை கத்துக்கிற இடமும் கழகம்தான். 1944ல சேலத்துல நீதிக்கட்சி திராவிடர் கழகமா மாறினப்ப அங்க இருந்தவங்க யாரும் சூதாட்டத்த நெனச்சு அந்தப் பேர வைக்கல, பல்கலைக்கழகத்துல சேர்றவனும் தாயம் உருட்டப் போகல. பழைய அர்த்தம் தெரிஞ்சிருந்தா சந்தோஷம், அத வச்சு இன்னைக்குப் பேசறவன் என்ன சொல்றான்னு தீர்ப்பு எழுதாதீங்க.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு, ஒரே வார்த்தைய வச்சு ஆளோட கட்சியக் கண்டுபிடிக்கிறது. 2021 வரைக்கும் 'ஒன்றியம்'னா பெரும்பாலானவங்களுக்கு ஊராட்சி ஒன்றியம்தான், டில்லியெல்லாம் ஞாபகத்துக்கே வராது. அந்த வருஷம் திமுக ஆட்சிக்கு வந்து 'ஒன்றிய அரசு'ன்னு சொல்ல ஆரம்பிச்சதும் சண்டை. அரசமைப்புச் சட்டத்தோட முதல் பிரிவே இந்தியா மாநிலங்களின் ஒன்றியம்னுதான் சொல்லுது, இன்னொரு பக்கம் 1897ல வந்த பொது விதிகள் சட்டத்துல மத்திய அரசுங்கிற பேரும் இருக்கு, ரெண்டுக்குமே சட்டத்துல இடம் உண்டு. ஆனா இப்ப எதைச் சொன்னாலும் 'ஓ நீ அந்தப் பக்கமா'ன்னு ஒரு பார்வை. 'தமிழகம்' கதை இன்னும் வேடிக்கை. 2023 ஜனவரில ஆளுநர் ரவி தமிழ்நாடுங்கிறத விட தமிழகம்தான் பொருத்தம்னு பேசற வரைக்கும் தமிழக அரசு, தமிழக முதல்வர்னு பேப்பர்ல தினமும் வந்துட்டுதான் இருந்துச்சு, யாரும் ஒரு அரசியலும் பாக்கல. அவர் சொன்ன மறுநாளே அது ஒரு பக்கத்து வார்த்தை ஆயிடுச்சு. 1967ல சட்டமன்றத்துல தீர்மானம் போட்டு 1969ல அமலுக்கு வந்த பேரு தமிழ்நாடு, அதனால கோபம் நியாயமானதுதான். ஆனா அந்தக் கோபத்தோட 2005ல வந்த ஒரு கட்டுரைய எடுத்து 'பாருங்க தமிழகம்னு எழுதியிருக்கான்'னு ஸ்க்ரீன்ஷாட் போடறது சுத்த அபத்தம், எழுதினப்ப அந்த வார்த்தைக்கு அந்தச் சுமையே இல்ல. 2024ல விஜய் கட்சி ஆரம்பிச்சு தமிழக வெற்றிக் கழகம்னு பேர் வச்சாரே, அதப் பார்த்து அவர் ஆளுநர் ஆளுன்னு முடிவு பண்ணுவீங்களா? (அந்தப் பேருல 'க்' விட்டுப்போய் அப்புறம் சேர்த்தது தனிக்கதை.)

பெரிய தப்பு எதுன்னு கேட்டா, எதிர்க்கட்சிக்காரன்தான் வார்த்தைய வளைக்கிறான், நம்மாளு உள்ளத உள்ளபடி பேசறான்னு நம்புறதுதான். பணமோ பொருளோ கொடுக்கிற திட்டங்கள எடுத்துக்கங்க. 2006ல திமுக கொடுத்தது இலவச கலர் டிவி. 2011ல அதிமுக வந்து மிக்சி, கிரைண்டர், ஃபேன், லேப்டாப்னு கொடுத்தப்ப அது 'விலையில்லா' ஆயிடுச்சு, பொருளும் ஓசிதான், வாங்கற மக்களும் அதே மக்கள்தான், ஒரு வார்த்தை மட்டும் கௌரவமாச்சு. 2019ல பிரதமர் மோடி அரசு விவசாயிகள் கணக்குல வருஷத்துக்கு 6,000 ரூபாய் போட ஆரம்பிச்சு 'சம்மான் நிதி'ன்னு பேர் வச்சாங்க, சம்மான்னா மரியாதை. அதே பிரதமர் 2022ல மத்த கட்சிகளோட இலவசங்கள 'ரேவடி', அதாவது எள்ளு மிட்டாய் குடுக்கிற மாதிரின்னு சொன்னார். 2023ல திமுக அரசு பெண்களுக்கு மாசம் 1,000 ரூபாய் கொடுத்தப்ப அது 'உரிமைத் தொகை'. மரியாதை, மிட்டாய், உரிமைன்னு பேரு மூணு, ஆனா மிட்டாய்ங்கிற பேரு மட்டும் எப்பவும் அடுத்தவன் திட்டத்துக்குத்தான். கம்பெனிக்கு வரியக் குறைச்சா அது 'ஊக்கம்', அத யாரும் இலவசம்னு சொல்ல மாட்டாங்க. இந்தத் திட்டங்கள் நல்லதா கெட்டதான்னு தாராளமா சண்டை போடுங்க, ஆனா பேர ஓரமா வச்சுட்டு யாருக்கு, எவ்வளவு, எந்தக் காசுல, என்ன நிபந்தனைன்னு கேட்டுட்டு சண்டை போட்டா பாதி சத்தம் குறையும்.

செய்தவன் யாருன்னே தெரியாத வாக்கியங்கள்ல ஏமாறுறது அடுத்தது. 'ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது'ன்னு செய்தி வரும், யார் அகற்றினா, அங்க எத்தனை வருஷமா எத்தனை குடும்பம் இருந்துச்சு, அவங்க எங்க போனாங்க, ஒண்ணும் இருக்காது. 'ஆக்கிரமிப்பு'ன்னு படிச்ச உடனே அங்க இருந்தவங்க குற்றவாளின்னு மனசுல பதிஞ்சிடுது, படிக்கிறப்ப அந்த இடத்துல 'வீடு'ன்னு போட்டுப் பாருங்க, கேள்வி தானா வரும். சில சமயம் வீடாவே இருக்காது, பெரிய மனுஷன் ஏரிய வளைச்சுக் கட்டின கல்யாண மண்டபமா இருக்கும், அதுவும் இப்படி மாத்திப் பார்த்தாதான் தெரியும். பேர வச்சு விஷயத்த மறைக்கிறது புதுசும் இல்ல, 1948 செப்டம்பர்ல ஐதராபாத்துக்குள்ள போனது இந்திய ராணுவம், ஆனா பேரு 'போலீஸ் நடவடிக்கை'. ஏன்னா அங்க ஆண்ட நிஜாம் தரப்பு ஐநா வரைக்கும் போயிருந்துச்சு, போர்னு சொன்னா ரெண்டு நாட்டுச் சண்டை, போலீஸ்னு சொன்னா உள்வீட்டு விஷயம்.

அதுக்காக அரசாங்கம் மாத்தற எல்லா வார்த்தையும் பித்தலாட்டம்னு சொல்றதும் சோம்பேறித்தனம்தான். ஊனமுற்றோர்ங்கிறத மாற்றுத்திறனாளின்னு கருணாநிதி மாத்தினார், இன்னைக்கு ஜனங்க சாதாரணமா சொல்றாங்க. அதே விஷயத்துக்கு 2015ல மோடி 'திவ்யாங்', அதாவது தெய்வீக அங்கம் உள்ளவங்கன்னு சொன்னப்ப, எங்களுக்குத் தெய்வீகமெல்லாம் வேண்டாம், சரிவுப்பாதையும் வேலையும் குடுங்கன்னு மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் பலது எதிர்த்துச்சு. அந்த வார்த்தையால கூப்பிடப்படறவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்தாலே போதும், இதுல நம்ம கருத்து ரெண்டாம்பட்சம்தான்.

இன்னொரு சின்ன விஷயம், 'கட்டணம் மாற்றியமைப்பு'ன்னு தலைப்பு வந்தா உள்ள அமைச்சரோட விளக்கத்தப் படிச்சு நேரத்த வீணாக்காம நேரா கீழ இருக்கிற பட்டியலுக்குப் போங்க, குறைஞ்சிருந்தா தலைப்புலயே 'குறைப்பு'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க.