ஒரு சிறுவர் நூலின் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் ஒப்பிடுவது எப்படி?

ஒரு நூல் தொடர் முழுவதையும் பரப்பி வைக்காமல், ஒரே கதையின் இரண்டு பதிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் ‘ஃபேமஸ் ஃபைவ்’ என்ற சிறுவர் சாகசக் கதை வரிசையின் முதல் நூல் இதற்கு மிகவும் பொருத்தமானது: 1942இல் அதற்கு ஐலீன் சோப்பர் படம் வரைந்தார், எழுபதாம் ஆண்டையொட்டி 2012இல் குவென்டின் பிளேக் புதிய அட்டை வரைந்தார். முதலில் பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். நூல் முதன்முதலில் வெளிவந்த ஆண்டும் உங்கள் கையிலுள்ள படி அச்சான ஆண்டும் வேறாக இருக்கலாம்; அட்டையின் காலத்தை அறியப் பின்னதே உதவும்.

பிறகு கதையை ஒரு முறை படித்துவிட்டு, தன்னை ஜார்ஜ் என்றே அழைக்கச் சொல்லும் ஜார்ஜினாவை இரு அட்டைகளிலும் தேடுங்கள். பையனைப்போல் குட்டையாக வெட்டிய சுருள்முடி, வெயிலில் கறுத்த முகம், பளிச்சென்ற நீலக் கண்கள் என்று நூல் அவளை வருணிக்கிறது. இவற்றில் ஓவியர் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்று குறித்துக்கொள்வதே இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி என்பேன். சோப்பர் அந்தக் காலத்திலேயே வாழ்ந்து வரைந்தவர் என்பதால், உடைகளை அவரிடம் நம்பிப் பார்க்கலாம். பிளேக்கின் துள்ளும் மைக்கோட்டில் உடல் அசைவைக் கவனியுங்கள்.

நிறத்தைப் பற்றிக் கடைசியில் முடிவு செய்யுங்கள். பழைய நூலின் அட்டைமேல் சுற்றியிருக்கும் தாள் மேலுறையின் முதுகுப்பகுதி வெளிச்சம் பட்டு வெளுத்திருக்கக்கூடும். உள்மடிப்பில் மறைந்திருக்கும் வண்ணமே அச்சான நாளின் வண்ணத்துக்கு நெருக்கமானது.