மாடி ஒழுகுதா? பக்கத்து வீட்டு மாடியையும் சேர்த்துப் பாருங்கள்

வட சென்னையில் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டைப் பக்கம் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் இருக்கும், இல்லையென்றால் கை நுழையாத இடுக்கு. அதனால் உங்கள் சீலிங்கில் சொட்டுவது உங்கள் மாடித் தண்ணீர்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. பக்கத்து மாடியில் தேங்கியது பொதுச் சுவர் வழியாக இறங்கி உங்கள் அறை மூலையில் தலைகாட்டும். மாடி முழுக்கப் பூச்சு அடித்த பிறகும் அடுத்த ஐப்பசியில் அதே மூலை நனைகிறதென்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வேலைக்கு நல்ல காலம் மாசியிலிருந்து ஆனி வரை. ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடி மழை வந்து, காயாத பூச்சைக் கழுவிக்கொண்டு போய்விடும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் தைக்குப் பிறகுதான் தளம் உள்ளே வரை காயும்.

அக்கம்பக்கத்தில் என்ன கேட்பது

"நல்ல கொத்தனார் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, உங்க மாடி வேலை எந்த வருஷம் செஞ்சது? அதுக்கப்புறம் எத்தனை மழை பாத்துச்சு?" போன சித்திரையில் செய்து இன்னும் ஒரு கார்த்திகைகூடப் பார்க்காத வேலையைப் பற்றி யாரும் உறுதி சொல்ல முடியாது. 2023க்கு முன்னால் செய்ததாக இருந்தால் நேரடியாகக் கேட்டுவிடலாம்: "மிக்ஜாம் புயல் அன்னிக்கு ஒழுகுச்சா?" 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையைத் தாங்கிய மாடி என்றால் அந்த ஆள் கை நம்பலாம்.

அடுத்த கேள்வி, அவர்கள் தளம் எந்த வகை என்பது. கான்கிரீட் தளத்தில் கைதேர்ந்தவர், மரக்கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸைக் கெடுத்துவிடக்கூடும். தளம் ஒத்துப்போனால்தான் சிபாரிசும் ஒத்துப்போகும்.

பிறகு, "அக்கா, அஞ்சு நிமிஷம் உங்க மாடிய பாத்துட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டு மேலே ஏறிப் பாருங்கள். கைப்பிடிச் சுவரின் அடி, மழைக் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டி மேடையின் அடி. இந்த மூன்று இடம் போதும். மாடி நடுவில் கருப்பு வளையமாகக் கறை இருந்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது, வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) சரியில்லை என்று பொருள். அந்த ஆளைக் கூப்பிடும் முன் இதையும் கணக்கில் வையுங்கள். அப்படியே அந்த மாடி உங்கள் சுவரைத் தொடும் இடத்தையும் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

சீலிங்கில் ஈரம் நிற்கும் எல்லையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து பார்த்தால் கதை புரிந்துவிடும்.

மழை பெய்தால் பரவி, வெயில் அடித்தால் சுருங்குகிறது என்றால் மாடிக் கசிவு. சித்திரை வெயிலிலும் காயாமல் இருந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை, தொட்டியோ குழாயோ மேல்மாடிக் குளியலறையோ. இரவு எல்லோரும் படுத்த பிறகு தொட்டியின் வெளிக் குழாய் வால்வை மூடி, உள்ளே தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியில் ஓட்டை. இறங்கவில்லை, ஆனால் வால்வைத் திறந்து வைத்த இரவில் யாரும் குழாய் திறக்காமலே இறங்குகிறது என்றால் குழாயில் ஓட்டை.

ஈரம் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குள் நின்று, சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் காரை மாவாக உதிர்கிறதா? அது ஓதம். நிலத்திலிருந்து ஏறுவது. அதற்கு மாடியில் என்ன செய்தாலும் பலன் இல்லை, வைத்தியம் வேறு.

தண்ணீர் தேக்கிப் பார்ப்பது

இது கான்கிரீட் தளத்துக்கு மட்டும். மெட்ராஸ் டெரஸில் தண்ணீரைத் தேக்கவே கூடாது. எடை தாங்காது, கட்டையும் ஊறும். அங்கே நனைத்த சாக்கைச் சந்தேகப்படும் இடத்தில் போட்டு, அரை நாள் ஈரமாக வைத்துக் கீழே பார்த்தால் போதும். கான்கிரீட்டிலும் கம்பி வெளியே தெரிகிற, காரை கொட்டுகிற தளமாக இருந்தால் தேக்க வேண்டாம்.

மாடியை இரண்டு மூன்று பாத்தியாகப் பிரியுங்கள். களிமண்ணோ, மணல் தூக்கலான மெலிந்த சிமெண்ட் கலவையோ வைத்து மூன்று அங்குல வரப்பு போடலாம். மழைக் குழாய் வாயில் துணிப் பந்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி அடையுங்கள். தண்ணீர் ஒரு அங்குலம் நின்றால் போதும். 20க்கு 25 அடி மாடி முழுக்க ஒரு அங்குலம் நிற்க வேண்டுமானால் சுமார் 1,180 லிட்டர், அதாவது ஒரு டன்னுக்கு மேல் எடை. பாத்தி கட்டச் சொல்வது அதனால்தான். எந்தப் பாத்தியில் கசிவு என்பதும் தெரிந்துவிடும். 48 மணி நேரம் விட்டு, கீழே பென்சில் கோட்டைப் பாருங்கள்.

எந்தப் பாத்தியிலும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் மழைக்கு மட்டும் ஒழுகுகிறதா? அப்படியானால் தண்ணீர் தளத்துக்குள் இறங்கவில்லை. கைப்பிடிச் சுவர் வழியாகவோ பக்கத்து மாடியிலிருந்தோ வருகிறது. பக்கத்து வீட்டில் பேசி, அவர்கள் மாடி விளிம்பிலும் ஒரு பாத்தி கட்டிப் பார்க்கச் சம்மதம் வாங்குங்கள்.

இரண்டு வீடு சேரும் இடம்

இங்கேதான் பெரும்பாலான கொத்தனார்கள் தவறு செய்கிறார்கள். இடுக்கில் சிமெண்ட் கலவையைத் திணித்து மேலே பூசிவிடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு வீடும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு கடைக்காலில் எழும்பியவை. வெயிலுக்கும் குளிருக்கும் தனித்தனியாக அசையும். ஒரு கோடை போதும், அந்தச் சிமெண்ட் நூலளவு பிளந்துவிடும். நூலளவு பிளவுதான் தண்ணீரை நன்றாக உறிஞ்சும்.

இடுக்கு ஒரு அங்குலத்துக்குள் இருந்தால்: பழைய கலவையை உளியால் எடுத்து, தூசியை பிரஷ் வைத்துத் தட்டி, நன்றாகக் காயவிடுங்கள். இடுக்கைவிடச் சற்றுப் பருமனான நுரைக் கயிற்றை உள்ளே அழுத்துங்கள். அதன்மேல் பாலியூரித்தேன் சீலண்ட். சீலண்டின் ஆழம் இடுக்கின் அகலத்தில் பாதி இருந்தால் போதும். முக்கால் அங்குல இடுக்குக்கு மூன்று எட்டாம் அங்குலம். ஆழமாகத் திணித்தால் இழுபடாமல் ஓரத்தில் பிய்ந்துவிடும். சீலண்ட் அடியில் ஒட்டாமல் நுரைக் கயிறு பார்த்துக்கொள்கிறது, அதனால் கயிற்றை விட்டுவிடாதீர்கள்.

இடுக்கு அதைவிட அகலமென்றால் அலுமினியத் தகடு மூடி. ஒரு வீட்டுச் சுவரில் மட்டும் ஸ்குரூ போட்டு, அந்த விளிம்பைச் சீலண்டால் அடைக்க வேண்டும். மறு பக்கம் நான்கு அங்குலம் படிந்து, நுனி கீழே மடங்கிச் சும்மா கிடக்க வேண்டும். இரண்டு பக்கமும் முடுக்கினால் தகடு கிழியும், இல்லை ஸ்குரூ பிடுங்கும். காசிமேடு, திருவொற்றியூர் கடற்காற்றில் ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்பு) சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்குரூவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

செலவை இரண்டு வீடும் பாதிப் பாதி என்று முதலிலேயே பேசி, ஒரே ஆளிடம் ஒரே நாளில் கொடுத்துவிடுவது நல்லது.

உப்பு இல்லாத தண்ணீர்

கரையோரப் பகுதிகளில் பல போர் தண்ணீர் உப்பு. அதில் கலவை குழைத்தால் பூச்சில் உப்புப் பூக்கும், கம்பியும் வேகமாகத் துருப்பிடிக்கும். கலவைக்கும் நீராற்றவும் மெட்ரோ வாட்டர் பிடித்து வையுங்கள். வேலைக்காரர்கள் வசதிக்காக போர் மோட்டாரைப் போடுவார்கள், காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

தளம் சுத்தம், விரிசல், வாட்டா

கடல் உப்பும் கரித்தூசியும் பாசியும் படிந்த தளத்தில் எந்தப் பூச்சும் ஒட்டாது. இரும்பு பிரஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் இன்னொரு முறை கழுவுங்கள்.

காய்ந்ததும் சின்னச் சுத்தியலால் அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். "டொக்" என்று கெட்டியாகக் கேட்டால் சரி. "பொத்" என்றால் அடியில் காரை விட்டுவிட்டது. அதைப் பெயர்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை.

கண்ணுக்குத் தெரியும் விரிசலைச் சுண்டு விரல் அகலம், அதே ஆழத்துக்கு வி வடிவில் உளியால் வெட்டி, தூசி தட்டி, ஈரப்படுத்தி, பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையால் அடையுங்கள். விரிசல்மேல் வெறுமனே சிமெண்ட் பால் ஊற்றுவது வீண்.

தட்டோடு பதித்த தளமா? பெரும்பாலும் ஓடு கெடாது, இணைப்புதான் கெடும். உதிர்ந்த இணைப்பை ஓட்டின் கனம் வரை சுரண்டி எடுத்து, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று (1:3) கலவையில் வாட்டர்புரூஃப் திரவம் சேர்த்து அடைத்தால் போதும். 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி என்பது இந்தத் திரவங்களில் பரவலான அளவு. டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. அதிகம் ஊற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள், கலவை வலுவிழக்கும்.

தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் மூன்று அங்குலச் சரிவாக வாட்டா கட்ட வேண்டும். நூறடி ஓட்டத்துக்கு ஒரு மூட்டை சிமெண்ட், ஏறத்தாழ நான்கு கன அடி மணல். 20க்கு 25 மாடியின் சுற்றளவு 90 அடி, ஆகவே ஒரு மூட்டை சரியாக இருக்கும். கட்டும் முன் சுவரையும் தளத்தையும் கொத்திவிட்டு, சிமெண்ட் பால் தடவுவது கட்டாயம். வழவழப்பான பழைய பூச்சின்மேல் கட்டிய வாட்டா அப்படியே கழன்று வரும். ஏழு நாள் சாக்குப் போட்டு நனையுங்கள்.

வாட்டம் குறைவாக இருந்தால் இப்போதே சரி செய்துவிடுங்கள். பத்து அடிக்கு ஒன்றேகால் அங்குலம் குழாய் வாயை நோக்கி இறங்க வேண்டும். நூல் கட்டி, டியூப் மட்டம் பிடித்துப் பாருங்கள். குழாய் வாய் தளத்தைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். அந்தக் குழாய் மழைநீர்த் தொட்டிக்குப் போக வேண்டுமே தவிர, சாக்கடைச் சேம்பருக்கு அல்ல. அடைமழையில் சேம்பர் நிரம்பினால் உங்கள் வீட்டுக் கழிவறை வழியாகவே மேலே வரும்.

பூச்சு

அக்ரிலிக் பூச்சு அடிக்கத் தளம் உள்ளே வரை காய்ந்திருக்க வேண்டும். இரவு ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். காலையில் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள்.

முதலில் டப்பாவில் சொன்ன அளவு தண்ணீர் கலந்த ஒரு கை, பிறகு தண்ணீர் கலக்காமல் இரண்டு கை. ஒரு கை கிழக்கு மேற்காக என்றால் அடுத்தது வடக்கு தெற்காக. வாட்டா, குழாய் வாய், அடைத்த விரிசல் மூன்றிலும் ஈரப் பூச்சுக்குள் ஃபைபர் வலையை அழுத்தி அதன்மேல் அடுத்த கை. கைப்பிடிச் சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றுங்கள். காலை பத்துக்கு முன், மாலை நாலுக்குப் பின் மட்டும் அடியுங்கள். உச்சி வெயிலில் சுடும் தளத்தில் அடித்தால் கொப்புளம் வரும்.

எவ்வளவு வாங்குவது? சொரசொரப்பான தளம் அதிகம் குடிக்கும். பத்துக்குப் பத்து அடி அளந்து, ஒரு கை அடித்து, எவ்வளவு தீர்ந்தது என்று பார்த்த பிறகு மீதியை வாங்குங்கள்.

மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு

இந்தத் தளத்தின்மேல் சிமெண்ட் போடாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அடைத்து வைக்கும். அடைபட்ட ஈரம் சுவருக்குள் நுழையும் தேக்கு உத்திரத்தின் நுனியை அரிக்கும். சுண்ணாம்பு, செங்கல் தூள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்ந்த கலவையில் வேலை தெரிந்த ஆள் வேண்டும். கடுக்காய் பூங்கா நகர் ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். உத்திர நுனியை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கொத்தனார் வேண்டாம், கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

பேச்சும் பணமும்

தினக்கூலியா, சதுர அடிக் கணக்கா, பொருளோடா, வெறும் கூலியா என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை கை பூச்சு, வலை எங்கெங்கே, எத்தனை நாள் நீராற்றுவது என்பதும் அதே தாளில் வரட்டும். பொருளை நீங்களே வாங்கினால் காலி டப்பாக்களைக் கடைசி வரை மாடியிலேயே வைக்கச் சொல்லுங்கள், எண்ணிக்கை தெரியும். கூலியில் பத்தில் ஒரு பங்கை முதல் பெருமழை முடிந்ததும் தருவதாகப் பேசுங்கள். ஒப்புக்கொள்ளும் ஆள்தான் வேலைக்குப் பொறுப்பேற்கிறார்.

வேலை முடிந்து பூச்சு முழுதும் காய்ந்த பிறகு, அதே பாத்திகளை மறுபடி கட்டி 48 மணி நேரம் தேக்குங்கள். ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டவில்லை என்றால் சீலிங்குக்கு வரலாம். துருப்பிடித்த கம்பி தெரியும் இடத்தில் தளர்ந்த காரையைத் தட்டி, கம்பியைச் சுற்றிலும் இரும்பு பிரஷால் பளபளக்கத் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலவையால் மூட வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரிய மெலிந்திருந்தால் அங்கே பூசி மறைக்காதீர்கள், பொறியாளர் பார்க்கட்டும். மற்ற இடத்தில் பட்டியும் பெயிண்டும் கார்த்திகை மழை போன பிறகே அடியுங்கள். அதுவரை பென்சில் கோடு அப்படியே இருக்கட்டும்.