கப்பாசிட்டரை மீற்றரே குடித்த கதை
உப்புவெளியில் என் வேலை மேசையில் 10 மைக்ரோஃபரட் பிலிம் கப்பாசிட்டர் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் உறுப்பு) ஒன்றை 10 வோல்ற்றுக்கு ஏற்றிவிட்டு, தானாக எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று பென்ச் மீற்றரை (மேசையில் வைத்து அளக்கும் மின்னளவி) கணினியோடு இணைத்துப் பதிந்தேன். 100 செக்கனில் 3.7 வோல்ற்! பிலிம் வகை மணிக்கணக்காகத் தாக்குப்பிடிக்க வேண்டியது.

அந்த எண்தான் துப்பு. கப்பாசிட்டரின் அளவை அதை வடிக்கும் தடையால் பெருக்கினால் வரும் நேரத்தில் வோல்ற்றளவு ஏறத்தாழ 37 சதவீதத்துக்கு இறங்கும். 10 மைக்ரோஃபரட்டை 10 மெகா ஓமால் பெருக்கினால் சரியாக 100 செக்கன். 10 மெகா ஓம் என்பது மீற்றரின் உள்ளீட்டுத் தடை; மின்னேற்றம் அதன் வழியேதான் வடிந்தது. நல்ல பென்ச் மீற்றர்கள் சிலவற்றில், 10 வோல்ற் வரையான அளவீட்டு வீச்சுகளுக்கு (range) அதை 10 கிகா ஓமுக்கு மேல் உயர்த்தலாம். நிரலில் ஒரு வரிக் கட்டளை போதும். வீச்சையும் 10 வோல்ற்றில் பூட்டிவிடுங்கள். தானாக 100 வோல்ற் வீச்சுக்குத் தாவினால் பழையபடி 10 மெகா ஓம்தான்.

அப்புறமும் கொஞ்சம் கசிந்தது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் மின்சுற்றுப் பலகையில் ஈரம் படியும், மாரியில் கேட்கவே வேண்டாம். ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவைத்தேன். ஒரு ரீட் ரிலேயும் (காந்தத்தால் இயங்கும் சிறு ஆளி) வைத்தேன்; அளவீடுகளுக்கு இடையே அது மீற்றரைப் பிரித்துவிடும். இப்போது ஒரு மணி நேரம் கழித்தும் 9 வோல்ற்றுக்கு மேல் நிற்கிறது.

ஏற்றியவுடன் சற்று வேகமாக இறங்குவது கசிவல்ல, உள்ளே இருக்கும் காவலிப் படலம் மின்னேற்றத்தை மெல்ல உறிஞ்சுவது. கொஞ்ச நேரம் ஏற்றியபடியே வைத்திருந்து அளந்தால் அந்தத் தொல்லை குறையும்.