சின்னப் பிள்ளைகளோடு லீவுக்குச் சென்னை வருகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பள்ளி லீவு விட்டதும் மதுரை, திருநெல்வேலி, கோவை, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து சென்னைக்கு வரும் குடும்பங்கள் போடும் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் நாள் வண்டலூர், மியூசியம், மெரினா. இரண்டாம் நாள் மாமல்லபுரம், முதலைப் பண்ணை, திரும்பி வந்து தி.நகரில் துணிமணி. மூன்றாம் நாள் விட்டுப்போனது எல்லாம். பெரியவர்கள் மட்டும் என்றால் இதை எப்படியாவது ஓட்டிவிடலாம். கூடவே மூன்று வயதிலும் ஆறு வயதிலும் பிள்ளைகள் இருந்தால் முதல் நாள் மதியத்துக்குள் ஒன்று அழும், இன்னொன்று தோளில் தூங்கும், அப்பாவும் அம்மாவும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். இடங்களை எண்ணித் திட்டம் போடுவதுதான் அடிப்படைத் தவறு, மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது. பிள்ளைக்கு எப்போது பசிக்கும், எப்போது கண் சொருகும் என்பதை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கு நடுவில் இடத்தைச் செருகுங்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுவில் தூக்கம். அவ்வளவுதான் ஒரு நாளைக்குத் தாங்கும்.

தவறு வீட்டிலிருந்தே தொடங்கிவிடுகிறது, அதாவது டிக்கெட்டில். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது, 2024 நவம்பரிலிருந்து இதுதான் கணக்கு. மே மாதப் பயணத்துக்கு மார்ச்சிலேயே போட்டுவிட வேண்டும், தேர்வு அட்டவணை வரட்டும், அலுவலகத்தில் லீவு கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான். அடுத்தது அந்த அரை டிக்கெட். ஐந்து வயதுக்குக் கீழே தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம், ஐந்து முதல் பதினொன்று வயதுவரை பெர்த் இல்லாமல் எடுத்தால் அரைக் கட்டணம், பெர்த் வேண்டும் என்றால் முழுக் கட்டணம். பணம் மிச்சம் என்று ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெர்த் எடுக்காமல் விடுகிறார்கள். ராத்திரி முழுக்க ஒரே பெர்த்தில் அம்மாவும் பிள்ளையும் ஒடுங்கிப் படுத்து, இருவரும் தூங்காமல், விடிகாலையில் எழும்பூரில் இறங்கினால் அந்த நாள் முழுக்கப் பாழ். இந்த ஒரு செலவில் கையை இறுக்காதீர்கள்.

இறங்கியதும் அடுத்த சிக்கல் காத்திருக்கும். தென்மாவட்ட ரயில்கள் பலவும் விடியும் நேரத்தில் வந்துவிடும், ஓட்டல் அறையோ பகல் 12 மணிக்குத்தான் கொடுப்பார்கள். ஆறு மணி நேரம் பெட்டியையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது? பதிவு செய்யும்போதே போன் போட்டு, காலை ஆறு மணிக்கு வந்தால் அறை கிடைக்குமா, கூடுதலாக எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். எழும்பூர் பக்கம் 24 மணி நேர செக்-அவுட் உள்ள லாட்ஜுகள் உண்டு, நீங்கள் எத்தனை மணிக்கு வருகிறீர்களோ அதிலிருந்து ஒரு நாள் கணக்கு. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இது பெரிய வசதி. அறை மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இருக்கட்டும், ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று ஊர்க்கோடியில் எடுத்தால் அந்த ஐந்நூறும் ஆட்டோவில் போய்விடும், மதியத் தூக்கத்துக்குத் திரும்பி வரவும் முடியாது.

எந்த லீவில் வருவது என்பதில் உங்களுக்குத் தேர்வு இருந்தால் அரையாண்டு விடுமுறையில் வாருங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் பெரும்பாலும் மழை ஓய்ந்து, காற்று இதமாக இருக்கும். ஆனால் நீண்ட லீவு மே மாதம்தான், ஆகவே முக்கால்வாசிப் பேர் அக்கினி நட்சத்திரத்தில்தான் வருகிறார்கள். சென்னை வெயிலைத் தங்கள் ஊர் வெயிலோடு ஒப்பிட்டு, மதுரையில் பார்க்காத வெயிலா என்று நினைப்பது தவறு. இங்கே வியர்வை காயாது. கடல் பக்கம் என்பதால் காற்றில் ஈரம் அதிகம், மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறினால் கொஞ்சம் தேவலை, அது தாமதமாகும் நாட்களில் 40 டிகிரி தாண்டிவிடும். சின்ன உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும், ஆனால் விளையாட்டு மும்முரத்தில் பிள்ளை தாகம் என்று வாய் திறந்து சொல்லாது. கேட்கும்போது கொடுக்கலாம் என்று இருக்காமல் அரை மணிக்கொரு தரம் நீங்களே தண்ணீரை நீட்டுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் இரண்டு பையில் இருக்கட்டும். பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை பிள்ளைகளைத் திறந்தவெளியில் வைத்திருக்காதீர்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வண்டலூருக்கு வருவோம், ஏனென்றால் அதிகம் பேர் சொதப்புவது அங்கேதான். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 600 ஹெக்டேர் பரப்பு. ஒரு கூண்டைப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நடந்தே நாலு வயதுக் கால் ஓய்ந்துவிடும். பத்தரை மணிக்கு அறையை விட்டுக் கிளம்பி, தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்ந்து, உச்சி வெயிலில் உள்ளே நுழைந்தால் புலி எங்கேயோ நிழலில் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும். இவ்வளவு தூரம் வந்தோமே, எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு நடக்காதீர்கள். திறந்த உடனே உள்ளே இருங்கள், பேட்டரி வண்டி கிடைத்தால் அதில் ஒரு சுற்று, அப்புறம் பிள்ளை எதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்கிறதோ அங்கே மட்டும் போய் நில்லுங்கள். யானையையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றால் நிற்கட்டும். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்று. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் அங்கேதான் நிற்கின்றன, அது வண்டலூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இறங்கி, 30 கிலோமீட்டர் நகரத்துக்குள் போய் அறை எடுத்து, மறுநாள் அதே 30 கிலோமீட்டர் திரும்பி வந்து பூங்காவைப் பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். பஸ்ஸில் வருகிறவர்கள் முதல் இரவையோ கடைசி இரவையோ தாம்பரம், வண்டலூர்ப் பக்கமே வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மணி நேர அலைச்சல் குறையும்.

வார விடுமுறையைப் பார்க்காமல் போய் நிற்பது அடுத்தது, இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் அதே செவ்வாய். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை. ஐ.சி.எஃப். எனப்படும் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை. பூட்டிய கேட்டின் முன்னால் நின்று, உள்ளே ஏன் போகக்கூடாது என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? லீவு நாட்களில் சில சமயம் இந்த ஒழுங்கை மாற்றித் திறந்து வைப்பதும் உண்டு, ஆகவே போவதற்கு முந்தைய நாள் இரவு ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

எழும்பூர் அருங்காட்சியகம் என்றதும் பிள்ளைகளுக்குப் போரடிக்கும் என்று தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தவறு அங்கே போவதில் இல்லை, போகும் வரிசையில்தான் இருக்கிறது. 1851இல் தொடங்கிய பழைய இடம், கட்டடங்கள் பல. பெரியவர்கள் நேரே சிலைகளுக்குப் போய் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு நிற்பார்கள், அதற்குள் பிள்ளையின் பொறுமை போய்விடும். முதலில் விலங்கியல் பகுதிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே ஒரு திமிங்கிலத்தின் முழு எலும்புக்கூடு இருக்கிறது. பிள்ளையை அதன் தலைப் பக்கம் நிறுத்தி, வால்வரை நடந்து எத்தனை அடி என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டே போய், நடுவில் மறந்து, திரும்பவும் தலைக்கு ஓடிவந்து முதலிலிருந்து தொடங்கும். அதுவே கால் மணி நேரம் ஓடும். அதற்கப்புறம் பிள்ளை தெம்பாக இருந்தால் செப்புத் திருமேனிகளைப் போய்ப் பாருங்கள், இல்லாவிட்டால் அப்பா ஒரு முறை, அம்மா ஒரு முறை என்று மாறி மாறி.

மதிய வெயிலில் ஒதுங்க இன்னோர் இடம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சிறுவர் பகுதி குளுகுளுவென்று இருக்கும், புத்தகத்தை எடுத்து நாம் பாட்டுக்கு வாசித்துக் காட்டலாம், காசு கிடையாது. பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம். அங்கே தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனிக் காட்சிகள், நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தை திடீரென்று விளக்கு அணைந்ததும் வீறிட்டு அழலாம், அதைக் கூட்டிப் போகாமல் இருப்பதே நல்லது.

மெரினாவில் செய்யும் தவறு கொஞ்சம் கவலைக்குரியது. மணல் அகலம் அதிகம், சாலையிலிருந்து அலைவரைக்கும் நடப்பதே சின்னக் கால்களுக்குப் பெரிய தூரம், நாலு மணிக்கு மணல் சுடும். ஐந்தரைக்கு மேல் போங்கள். குளிப்பதற்கு அங்கே தடை இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது: கரையை ஒட்டியே திடீரென்று ஆழமாகும், திரும்பும் அலை காலுக்குக் கீழே மணலை அரித்துக்கொண்டு இழுக்கும். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று நினைக்காதீர்கள், உங்கள் முழங்கால் அளவு பிள்ளைக்கு இடுப்பு. கையைப் பிடித்தபடிதான் கால் நனைக்க வேண்டும், போட்டோ எடுக்கக்கூடக் கையை விடாதீர்கள்.

காணும் பொங்கல் அன்று அங்கே போலீஸார் குழந்தைகளின் கையில் பெற்றோர் போன் எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் அதை ஆண்டில் ஒரு நாளோடு நிறுத்துவானேன்? காலையில் கிளம்பும்போதே பிள்ளையின் முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் போன் எண்ணை எழுதிவிடுங்கள், அன்றைக்குப் போட்டிருக்கும் உடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் அங்கேயே நில், ஓடாதே, போலீஸ் அக்காவிடமோ குழந்தையோடு இருக்கும் அம்மாவிடமோ கையைக் காட்டு என்று சொல்லிக்கொடுங்கள்.

துணிமணி வாங்க தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், கூட்டத்தில் பிள்ளையின் முகம் பெரியவர்களின் இடுப்பளவில் நசுங்கும். ஒருவர் பிள்ளைகளோடு அறையில் இருக்க, மற்றவர் போய் வரலாம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து 2023இல் திறந்த ஆகாய நடைபாதை இருப்பதால் போக வர இப்போது சுலபம்.

பொழுதுபோக்குப் பூங்காக்களில் வயதைவிட உயரம்தான் முக்கியம். குறிப்பிட்ட உயரத்துக்குக் குறைவான பிள்ளைகளைப் பெரிய ராட்டினங்களில் ஏற்ற மாட்டார்கள், அண்ணன் ஏற, தம்பி கீழே நின்று அழ வேண்டியதாகும். வீட்டிலேயே உயரத்தை அளந்து, அந்த உயரத்துக்கு என்னென்ன இருக்கிறது என்று கேட்டபின் டிக்கெட் எடுங்கள். மாமல்லபுரம் போவதானால் அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள், பதினைந்து வயதுக்குக் கீழே தொல்லியல் துறை டிக்கெட் கிடையாது. பிள்ளைகளுக்கு அங்கே மிகப் பிடிப்பது சிற்பங்களைவிட வெண்ணெய் உருண்டைப் பாறைச் சரிவில் வழுக்கிக்கொண்டு வருவதுதான். பழைய காற்சட்டை போட்டுவிடுங்கள்.

போக்குவரத்துக்கு மெட்ரோ இருக்கும் இடமெல்லாம் மெட்ரோ. பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வேடிக்கை. மின்சார ரயிலில் போவதானால் காலை எட்டு முதல் பத்துவரை வேண்டவே வேண்டாம், கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டுத் தடத்தில் 2025இலிருந்து ஏ.சி. ரயிலும் ஓடுகிறது, நேரம் பார்த்து அதைப் பிடிக்கலாம். சாப்பாட்டில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை: வழக்கமாகச் சாப்பிடும் இட்லி, தயிர்சாதம் போதும், ஐஸ் போட்ட தெருவோர ஜூஸ் வேண்டாம். மூன்று வேளையும் புதிது புதிதாகக் கொடுத்தால் இரண்டாம் நாள் வயிறு காட்டிக்கொடுத்துவிடும்.

சொந்தக்காரர் வீடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அம்பத்தூரில் பெரியம்மா, மடிப்பாக்கத்தில் சித்தப்பா, பெரம்பூரில் மாமா என்று எல்லோர் வீட்டுக்கும் ஒரு நடை போய் வந்தால் லீவு முழுக்கச் சோபாவிலும் காரிலும் கழியும். போகாவிட்டால் வருத்தம், அது நியாயம்தான். ஒரு சாயங்காலத்தைக் குறித்து, எல்லோரையும் ஒரே வீட்டுக்கோ ஒரு பூங்காவுக்கோ வரச் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம், பிள்ளைகளுக்கு விளையாட அங்கேயே ஆள் கிடைக்கும்.

கடைசி நாளில் எதையும் வைக்காதீர்கள். மதியம்வரை தூங்கட்டும், பெட்டி கட்டுங்கள். டிக்கெட்டில் ரயில் எங்கிருந்து புறப்படுகிறது என்று திரும்ப ஒரு முறை பாருங்கள், எழும்பூரா, சென்ட்ரலா, தாம்பரமா என்று. எழும்பூர் ஸ்டேஷனில் கட்டுமான வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்திலிருந்து விடுகிறார்கள். பஸ் என்றால் கிளாம்பாக்கத்துக்கு நகரத்துக்குள்ளிருந்து இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள், வெள்ளி, ஞாயிறு சாயங்காலம் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள், வழியில் சாப்பிடப் பிள்ளைகளுக்கு இட்லியைக் கட்டிக்கொண்டு.