டிஸ்மல்: பிரிக்கும் இடத்திலேயே சறுக்கும் சொல்

டிஸ்லைக், டிஸ்ஹானஸ்ட் வரிசையில், களையற்ற, படுமோசமான என்று பொருள்படும் டிஸ்மல் (dismal) என்ற ஆங்கிலச் சொல்லையும் உட்காரவைத்து, ‘டிஸ்’ வந்தால் எதிர்மறை என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் அதிகம். அப்படியானால் மிச்சமிருக்கும் ‘மல்’ எதற்கு எதிர்மறை? கணக்கு அங்கேயே இடிக்கிறது.

இந்த ‘டிஸ்’ முன்னொட்டே அல்ல. நாட்கள் என்று பொருள். லத்தீனில் ‘தியேஸ் மாலி’ என்றால் கெட்ட நாட்கள். இங்கிலாந்தில் நார்மன்கள் பேசிய பிரெஞ்சு வழியாக அது ‘டிஸ் மல்’ ஆகி, ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டது. டயரிக்குள் இருப்பதும் இதே ‘நாள்’தான், கெட்ட காற்று என்று பொருள்படும் மலேரியாவில் இருப்பதும் இதே ‘கெட்ட’தான்.

இடைக்கால ஐரோப்பிய நாட்காட்டிகளில் மாதத்துக்கு இரண்டு என ஆண்டுக்கு 24 நாட்களை ஆகாத நாட்களாகக் குறித்திருந்தார்கள். ஜனவரியில் 1, 25. அன்று ரத்தம் வடிக்கும் வைத்தியம் கூடாது, புது வேலை தொடங்கக் கூடாது. ஏறக்குறைய நம் பஞ்சாங்கத்துக் கரிநாள். ராகுகாலம் என்று விளக்கினால் தப்பு; அது தினமும் வரும் ஒன்றரை மணி நேரம், இது தேதி.

அந்த நாட்களுக்கு ‘எகிப்திய நாட்கள்’ என்றும் பெயர். பழைய குழப்பம் ஒன்று இங்கேதான் முளைத்தது. பிரெஞ்சில் பத்துக்கும் ‘டிஸ்’ என்பதால், ‘பத்துத் தீமை’ என்று பிரித்து, பைபிளில் எகிப்தை வாட்டிய பத்து வாதைகளோடு முடிச்சுப் போட்டார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசரே அப்படித்தான் கவிதையில் எழுதிவைத்தார். சாசர் எழுதினாலும் தப்பு தப்புதான்.

முதலில் இது பெயர்ச்சொல். உள்ளே நாள் இருப்பது மறந்துபோன பிறகு ‘டிஸ்மல் டேஸ்’ வந்தது, நம் ‘கேட்டுவாசல்’ மாதிரி. சோர்வு, இருட்டு, களையின்மை என்ற பொருளெல்லாம் அதற்கும் பிந்தையது.

பயன்பாட்டில் சறுக்குவது வேறு இடத்தில். மனசு சரியில்லை என்பதற்கு ‘ஐ ஆம் டிஸ்மல்’ என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் விழிப்பார். வானத்துக்கு, அறைக்கு, குரலுக்கு, ஆட்டத்துக்குச் சொல்லலாம். தமிழாக்கும்போதும் ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்கக் கூடாது. டிஸ்மல் வெதர் என்றால் மப்பும் மந்தாரமுமாக. டிஸ்மல் ஸ்கோர் என்றால் படுமோசம். ‘சோகமான ஸ்கோர்’ என்பது மொழிபெயர்ப்பு ஆகாது. உச்சரிப்பில், நடுவில் வரும் ‘ஸ்’ஸுக்குத் தொண்டை அதிர வேண்டும், ‘இஸ்’, ‘வாஸ்’ சொற்களின் கடைசி ஒலி போல.

பொருளியலுக்கு ‘டிஸ்மல் சயன்ஸ்’ என்று பெயர் வந்தது மக்கள்தொகை பெருகினால் பஞ்சம் வரும் என்ற பொருளியலாளர் மால்தஸின் கணிப்பால் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தத் தொடரை 1849இல் எழுதியவர் பிரிட்டிஷ் எழுத்தாளர் தாமஸ் கார்லைல். மேற்கிந்தியத் தீவுகளில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க வேண்டும் என்று வாதாடிய கட்டுரை அது. தேவையும் அளிப்பும் பார்த்துக்கொள்ளும், மனிதர்களை அவரவர் போக்கில் விடுங்கள் என்ற பொருளியலாளர்கள் மீதுதான் அவருக்கு எரிச்சல்.