ராபர்ட் ஹூக் கண்ட சிற்றறைகளை நாமும் காண்பது எப்படி?

1665இல் லண்டனில் வெளியான 'மைக்ரோகிராஃபியா' என்ற நூலில், தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த ராபர்ட் ஹூக், அதில் தேனடை போல அடுக்கப்பட்டிருந்த கட்டங்களைச் 'செல்' என்று குறிப்பிட்டார். சிற்றறை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. செல்லைக் கண்டுபிடித்தவர் ஹூக் என்று படித்து மனப்பாடம் செய்த நாம், அவர் கண்டவை இறந்த செல்களின் வெற்றுச் சுவர்களே என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அதைக் கண்ணால் கண்டு தெளிய, முதலில் தக்கையையும் அடுத்து வெங்காயத்தையும் பார்ப்பதே சரியான வரிசை.

பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரணக் கூட்டு நுண்ணோக்கியே இதற்குப் போதும். கண்ணருகு லென்ஸ் 10 மடங்கும் பொருளருகு லென்ஸ்கள் 4, 10, 40 மடங்கும் இருந்தால், இரண்டையும் பெருக்கக் கிடைக்கும் 40, 100, 400 என்பவையே மொத்த உருப்பெருக்கம்.

தக்கை, மரப்பட்டையிலிருந்து எடுத்த இயற்கைத் தக்கையாக இருக்க வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக் மூடிகள் உதவா. புதிய பிளேடால் சீவும்போது சீவல் முழுவதும் மெல்லியதாக வராது என்பதால், ஆப்பு போல ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்தும் இருக்குமாறு சீவி, அந்த மெலிந்த ஓரத்தை மட்டும் பார்த்தால் போதும். ஹூக் தம் சீவலைக் கறுப்புத் தட்டின்மேல் வைத்து, ஒரு லென்ஸால் ஒளியைக் குவித்து மேலிருந்து பாய்ச்சினார். நாமும் கண்ணாடித் தகட்டின் அடியில் கறுப்புத் தாளை வைத்து, நுண்ணோக்கியின் விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஏறத்தாழ அவர் கண்ட காட்சியே கிடைக்கும்.

அவர் பார்த்ததோடு நிற்காமல் எண்ணவும் செய்தார். ஓர் அங்குலத்தின் 18இல் ஒரு பங்கு நீளத்தில் 60 கட்டங்கள் இருக்கக் கண்டு, அங்குலத்துக்கு 1,080 என்றும், ஒரு கன அங்குலத்தில் 120 கோடிக்கும் மேல் என்றும் கணக்கிட்டார். இதே முறையில் நாமும் அளக்கலாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலை 4 மடங்கு லென்ஸின் கீழ் வைத்து, வட்டப் பார்வைப்புலத்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அது 4.5 என்றால், 10 மடங்கு லென்ஸில் 1.8 ஆகக் குறையும்; அந்த அகலத்தில் வெங்காயச் செல்கள் நீளவாக்கில் ஆறு அடங்கினால், ஒரு செல்லின் நீளம் 0.3 மில்லிமீட்டர்.

இனி வெங்காயத்துக்கு வருவோம். ஒரு செதிலை எடுத்து வெளிப்பக்கமாக ஒடித்தால், அதன் உட்குழிந்த பக்கத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய தோல் தனியே உரிந்து வரும். அதைச் சிறு துண்டாக வெட்டி, மடிந்துவிடாமல், தகட்டிலுள்ள நீர்த்துளியில் உடனே விரித்து, ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். தோலை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப்பை மேலிருந்து தட்டையாகப் போடாமல், ஓர் ஓரத்தை நீரில் தொடவைத்து, மறு ஓரத்தை ஊசியால் தாங்கி மெதுவாக இறக்க வேண்டும். இல்லையெனில் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்ளும். கறுத்த விளிம்போடு கச்சிதமான வட்டமாகத் தெரிவது குமிழிதான். கல்லூரியில் என் முதல் செய்முறை ஏட்டில் அதையே உட்கரு என்று வரைந்து, பாகமும் குறித்து வைத்தவன் நான்.

எப்போதும் 4 மடங்கிலிருந்தே தொடங்குங்கள். 40 மடங்கு லென்ஸுக்கு மாற்றியபின், படத்தைத் தெளிவாக்க உதவும் திருகுகளில் பெரியதைத் தொடவே கூடாது, ஏனெனில் லென்ஸ் கவர் ஸ்லிப்பில் இடித்து நொறுக்கிவிடும். படம் தெளியும்போது, செங்கல் அடுக்கியதுபோன்ற செல்களுக்குள் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், பெரும்பாலும் சுவரை ஒட்டியபடி, ஓர் உருண்டை தெரியும். அதுவே உட்கரு. ஆர்க்கிட் செடியின் செல்களில் அதைக் கவனித்துப் பெயரிட்டவர் ராபர்ட் பிரவுன்; ஆண்டு 1831. ஹூக்கின் நூலுக்கும் இதற்கும் இடையே 166 ஆண்டுகள் கடந்திருந்தன. தாவரங்கள் செல்களால் ஆனவை என்று 1838இல் ஷ்லைடனும், விலங்குகளும் அப்படியே என்று 1839இல் ஷ்வானும் கூறியது அதன் பிறகே.

கடைசியாக, உயிருள்ள செல்லையும் பார்த்துவிடுவோம். அயோடின் செல்லைக் கொன்றுவிடும் என்பதால், புதிய துண்டு ஒன்று தேவை. இம்முறை பெரிய வெங்காயச் செதிலின் வெளிப்பக்கத்திலிருந்து, ஊதா நிறமுள்ள தோலை உரித்து நீரில் வையுங்கள். கவர் ஸ்லிப்பின் ஓர் ஓரத்தில் அடர்த்தியான உப்புநீரைச் சொட்டுவிட்டு, மறு ஓரத்தில் ஒற்றுத்தாளை வைத்தால், உப்புநீர் உள்ளே இழுக்கப்படும். சில நிமிடங்களில், செல்லை நிறைத்திருந்த ஊதா நிறம் நீரை இழந்து சுருங்கி, சுவரை விட்டு விலகி நடுவில் ஒதுங்கும். தக்கையில் நாம் கண்ட கட்டங்களைப் போலச் சுவர்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதே வழியில் நல்ல நீரை உடனே செலுத்திப் பாருங்கள்; உயிரோடிருக்கும் செல்களில் ஊதா மெல்ல விரிந்து, மறுபடியும் சுவரைத் தொடும்.